பதினேழாம் எண்ணின் எரிச்சல்

“இந்தப் பதினேழாம் நம்பர் ஆளை யாரோ உயிரோட வதைக்கிறாங்க, அன்னலீன்” என்றான் வானஸ்.

எதிர் மேஜையில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்த அன்னலீன் தலை நிமிராமலே “ம்” என்றாள். பெல்ஜியத்தில், லூவன் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருவருக்கும் ஒரே அறை. வானஸ் மடிக்கணினியோடு நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் பக்கமே வந்துவிட்டான்.

வானஸின் ஆய்வில் சேர்ந்தவர்களின் போன் நாளில் பலமுறை அதிரும். ‘இப்போது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். நூற்றுக்கு இத்தனை என்று அழுத்தினால், உடனே வானஸின் திரையில் ஒரு புள்ளி விழும். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மற்ற ஆய்வாளர்களின் கணக்கில் ஒருவருக்கு என்றைக்கும் ஒரே சுபாவம். அந்தச் சுபாவமே மெல்ல மாறுவதைப் பிடிக்க வானஸ் ஒரு சூத்திரம் எழுதியிருந்தான்.

பதினேழாம் எண்ணின் மாற்றத்துக்குக் காரணம் சொல், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்டு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு. ஆனாலும் மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று அவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு.

“நவம்பர் வரைக்கும் தங்கமான மனுஷன். அப்புறம் பாரு, ஒரு எரிச்சல் அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது.”

“சனி ஞாயிறு இறங்குதே” என்றாள் அவள், ஓரக்கண்ணால் பார்த்து.

அதற்கும் அவனிடம் விளக்கம் இருந்தது. வதைக்கிறவன் வார இறுதியில் அழுக்குத்துணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற ரகமாம். அவளுடைய பிஸ்கட்டையே எடுத்துக் கடித்தபடி, சூத்திரத்தை மூன்றாம் தடவையாக முதலிலிருந்து விளக்கினான்.

“கூடவே உக்காந்து பேசியே கொல்ற ஜென்மம் இது. தான் ஒரு தொல்லைன்னுகூட அதுக்குத் தெரியாது, பாவம்.”

“தெரிஞ்சா என்ன பண்ணும்?” என்று கேட்டாள் அன்னலீன்.

“எங்க தெரியப்போகுது” என்று சிரித்துவிட்டு, வானஸ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அன்னலீனின் போன் அதிர்ந்தது. எடுத்து, நிதானமாக ஓரிடத்தில் அழுத்திவிட்டு, மறுபடி கட்டுரையில் குனிந்தாள்.

வானஸின் மடிக்கணினியில் பதினேழாம் எண்ணின் கோடு துள்ளிப்போய் நூற்றைத் தொட்டது.

பேராசிரியரிடம் சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது. தன் மேஜையை இந்த அறைக்கு அவன் தூக்கிவந்தது நவம்பரில்தான்.