தலைமுழுகிய வீடு

ஆளறிந்து கதவு திறக்கும் வீட்டின் நினைவைப் பூட்டிவிட்டால், அதிலுள்ள பெயர்களை நீக்க மட்டுமே முடியும். புதிதாக ஒருவரையும் சேர்க்க முடியாது. அப்படிப் பூட்டிய வீட்டிலிருந்துதான், சாதி விட்டு மணந்த மகன் ஆவுடையின் பெயரை நீக்கித் தலைமுழுகினாள் வடிவம்மாள். இன்று அவள் படுத்த படுக்கை. நோயாளியை வீடு வெளியே விடாது. ஆவுடை கஞ்சித் தூக்குடன் வாசலில் நின்றான்.

“அந்நியருக்கு அனுமதியில்லை,” என்றது கதவு.

“கோவத்துல அழிச்சுட்டேன்யா. திரும்பச் சேக்க மாட்டேங்குது,” என்று உள்ளிருந்து அழுதாள்.

“உன் வீடுதானேம்மா. உன் பிடிவாதம் அதுக்கும் இருக்கும்.”

அவள் தன் பெயரையே நீக்கும்படி வீட்டிடம் சொன்னாள்.

“அந்நியர் வெளியேறவும்,” என்றது அவள் கட்டிய வீடு. கதவு திறந்தது, சக்கரக் கட்டில் தானே உருண்டுவந்து அவளை வாசற்படியில் கவிழ்த்தது. கஞ்சித் தூக்கைக் கீழே போட்டுவிட்டு, ஆவுடை இரு கைகளாலும் அவளை ஏந்திக்கொண்டான்.