யாருக்கும் நோயில்லாத ஊர்

"இருமாதே கேல்வின்! உள்ளே டாக்டர் இருக்காங்க!"

கிளினிக் வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்து நின்றாள் வின்னி பார்டி. அங்கே சீட்டு எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.

"டாக்டர் இருக்கறதாலதானே வந்தேன்? ராத்திரி பூரா காய்ச்சல், வின்னி."

"ரம்மைச் சுடவச்சுக் குடிச்சிட்டுப் படு. கால் கழண்டு கையில வந்தா, அப்ப வா."

"பிசாசு!" என்று முனகிக்கொண்டே, மீன்பிடி பூட்ஸ் பனிச்சேற்றில் சளப் சளப்பென்று மிதிக்கத் திரும்பினான் கேல்வின்.

வின்னி இடது தோளை நீவிவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நோயென்று யாரும் டாக்டரிடம் போய் நிற்கக் கூடாது என்று, ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் கைதூக்கி ஒத்துக்கொண்ட ஏற்பாடுதான் இது. காய்ச்சல் வந்தால் மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

அரசுச் செலவில் மருத்துவம் படித்தவர்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் இப்படி ஒரு கடலோர ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தாக வேண்டும். முன்னால் வந்த இருவரும் இந்த ஊரின் மூட்டுவலிப் புராணங்களைக் கேட்டுக் கேட்டே களைத்துப்போய், தவணை முடிந்த அன்றே கப்பலேறிவிட்டார்கள்.

டாக்டர் மாரென் தங்கமான பெண். இவளையாவது களைக்கவிடாமல் காப்பாற்ற வேண்டும். அவளுடைய தவணை நாளையோடு முடிகிறது.

கதவு திறந்தது. கையில் பெட்டியோடு நின்றாள் மாரென்.

"வின்னி, நாளைக்குக் கப்பலுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"என்ன கண்ணு இது? ஊர் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இவ்வளவு படிச்சிட்டு இங்க உட்கார்ந்து காலுறை பின்னிக்கிட்டிருக்கேன். எப்பவாவது ஒருத்தர் வந்தாலும் மீன் கொடுத்துட்டுப் போறார். இங்க யாருக்கும் ஒண்ணும் வர்றதில்ல. நோயாளிங்க இருக்கற ஊருக்குப் போறேன்."

வின்னி தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"கேல்வின்! திரும்பி வாடா! வந்து இருமு! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா!"

கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. ஒருவர் தும்மினார். ஒருவர் முதுகைப் பிடித்தபடி முனகினார். கேல்வின் மூன்று வருட இருமலையும் சேர்த்து இருமினான்.

"என்னைப் போகவிடாம பண்ண நாடகமா? நல்லாவே நடிக்கிறீங்க!" மாரெனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சரி, முதல்ல யாரு?"

"நான்தான்." நாற்காலியில் உட்கார்ந்தாள் வின்னி. "நெஞ்சு வலிக்குது கண்ணு. கிறிஸ்துமஸ்லேர்ந்து."

சிரித்தபடியே ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மாரெனின் முகம் மாறியது. பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"இத்தனை நாள் ஏன் எங்கிட்ட சொல்லல, வின்னி?"

"நீ களைச்சுப் போயிடுவியேன்னுதான்."