கை தூக்கியவர்கள்

வகுப்பில் அத்தனை கையும் மேலே இருந்தது.

"செலோம், நீ வா" என்றாள் எசினாம் டீச்சர்.

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த தலைமையாசிரியர் அக்பெகோ தலையில் கை வைத்துக்கொண்டார். போயும் போயும் செலோமா! முதல் பெஞ்சில் டெலா இருக்கிறாள். எவே மொழிப் பாடப் புத்தகத்தை நீட்டினால் மூச்சு விடாமல் படித்துத் தள்ளுவாள். அவளை விட்டுவிட்டு இவனையா?

கடைசி பெஞ்சில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஒஃபோசுவா, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருவது எப்படி என்று எசினாம் படிக்கும் முதுகலைப் படிப்புக்கு, இந்த வகுப்புதான் கடைசிப் பரீட்சை.

இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ட்ரோட்ரோ வண்டியில் இடிபட்டு, வோல்டா ஆற்றைத் தாண்டிப் போய்ப் படித்தது. இன்று கோட்டை விட்டால் இன்னொரு வருஷம். "இதுக்கு மேல நான் அனுமதி தர மாட்டேன்மா" என்று அக்பெகோ முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்.

செலோம் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான்.

எசினாம் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தாள்.

"இது என்ன சத்தம் போடும்?"

"அ..."

"இது?"

செலோம் எழுத்தை விரலால் தடவினான். அக்பெகோ கடிகாரத்தைப் பார்த்தார். எசினாம் பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கோ..."

"இது?"

"டு."

"சேர்த்துச் சொல்லு."

"அ... கோ... அகோடு! டீச்சர், அகோடு! எங்கம்மா சந்தையில விக்கறது!"

அகோடு என்றால் வாழைப்பழம். அதை முதன்முதலாகக் காகிதத்தில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் அவன் குதித்தான். அடுத்து யாயரா வந்தாள், அவளும் திணறினாள். அதற்கடுத்தவனும் திணறினான். மணி அடித்தபோது பாதிப் பக்கம்கூடத் தாண்டவில்லை.

எசினாம் வெளியே வந்ததும் அக்பெகோ அவளை வராந்தா ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கென்ன பைத்தியமா? நேத்து சாயங்காலம் தொண்டை வறள வறளப் பசங்களைப் பழக்கினேனே! கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். படிக்கத் தெரிஞ்சவன் கையை விரிச்சுத் தூக்கணும், தெரியாதவன் கட்டைவிரலை மடக்கிக்கணும். உன்கிட்டயும் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அதைப் பார்த்துக் கூப்பிட வேண்டியதுதானே?"

"பார்த்துத்தான் சார் கூப்பிட்டேன். கட்டைவிரல் மடங்கியிருந்த பிள்ளைங்களை மட்டும்."

அக்பெகோ மறுபடியும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டெலாவுக்கு அவ அப்பாவே வீட்ல சொல்லிக்கொடுத்துட்டாரு சார். அவளைப் படிக்க வெச்சா, நான் என்ன கத்துக்கிட்டேன்னு அந்த டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்காகத்தானேம்மா செஞ்சேன். பெயிலாக்கிட்டா என்ன பண்ணுவே?"

"மறுபடியும் போவேன்."

"நான் அனுமதி..."

"தரலைன்னாலும் போவேன் சார்."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். டாக்டர் ஒஃபோசுவா நின்றிருந்தார்.

"நான் டீச்சரா இருந்த ஸ்கூல்ல, மூடின கைன்னா தெரியாதுன்னு அர்த்தம், ஹெட்மாஸ்டர். உங்க ஊர்ல கட்டைவிரலா? நல்லவேளை, இடது கையைத் தூக்கச் சொல்லாம விட்டீங்க. விருந்தாளி முன்னாடி அந்த மரியாதையாவது மிஞ்சுச்சு."

அக்பெகோ அசடு வழிந்தார்.

டாக்டர், எசினாமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க இனிமே எங்ககிட்ட வர வேண்டாம். பட்டம் வாங்க மட்டும் வந்தா போதும்."

அடுத்த திங்கட்கிழமை பள்ளி விட்டதும் எல்லா ஆசிரியர்களும் இருந்தே ஆக வேண்டும் என்று அக்பெகோ உத்தரவு போட்டார். எசினாம் தான் கற்றதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். "வீட்டுக்குப் போற நேரத்துல இது வேறயா!" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

எசினாம் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டாம் வகுப்பு வந்தும் ஒரு எழுத்துகூடத் தெரியாத பிள்ளை. அவனுக்கு எங்கேருந்து ஆரம்பிக்கணும்? யாருக்குத் தெரியும்?"

அத்தனை ஆசிரியர்களின் கையும் சட்டென்று மேலே போனது. சக ஆசிரியர்கள் முன்னால் தெரியாது என்று காட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

எசினாம் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி நாற்காலியில் அக்பெகோவும் கையைத் தூக்கியிருந்தார்.

கட்டைவிரல் மடங்கியிருந்தது.