விசிலடிக்கும் விளக்கு

ஆரணி கடைத்தெருவில் சார்லியின் எல்.இ.டி. ரிப்பேர் கடைக்கு ஜெபராணி வந்தார். சர்ச் பிரசங்க மேடை விளக்கை மேசைமேல் வைத்தார்.

"நீ மாத்துன காயில் சரியில்லப்பா."

"இன்னும் விசிலடிக்குதாங்க?"

"இப்ப எவ்ளோ அளவு காயில் போட்டுக்கீற?"

"நூறு மைக்ரோஹென்றி. பேஜாரா இருந்தா நூத்தம்பது போட்டுடலாம். கப்சிப்னு ஆயிடும்."

"வேணாம். குறைச்சுப் போடு."

"குறைச்சா கத்துமேங்க! முன்ன இருபத்திரண்டு இருந்துச்சு. அதான் அந்த விசிலு."

"அதையே போட்டுடு."

சார்லி புரியாமல் பார்த்தான்.

"அந்த விசில் காதைக் குடைஞ்சவரைக்கும் பாஸ்டர் பிரசங்கத்தை ஜல்தியா முடிச்சிகினு இருந்தாரு. நேத்து விசில் நின்னுபோச்சு, பிரசங்கம் நிக்கல. பாதி சபை தூங்கிடுச்சு. வீட்ல பிரியாணி ஆறிப்போச்சு."

சார்லி சிரித்துவிட்டான். பழைய காயிலைத் தேடி எடுத்தான்.

"பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டுவாருங்க."

"லைட்டுக்கு வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான்னு நான் சொல்லிக்கிறேன்."

"நம்புவாரா?"

"நான் சொன்னா நம்புவாரு."

"அது சரிங்க, பாஸ்டரம்மா."