டீச்சரின் குரல் பயிற்சி

"எங்கே கிளம்பிட்டே?"

செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி என்னவோ முணுமுணுத்தாள். அவருக்கு விளங்கவில்லை.

"வாயைத் திறந்துதான் சொல்லேன்!"

"குரல் பயிற்சிக்குங்க!" கத்தியதில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

இரண்டு மாதமாக இதே கதை. வகுப்பில் பேசிப் பேசி டீச்சருக்குத் தொண்டை களைத்துப் போகிறதாம். அதற்காகக் காலையில் வேக நடை, மூச்சுப் பயிற்சி, டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ம்ம்ம்' என்று ஊதல். போதாததற்கு வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பயிற்சி நிலையம்.

இருபத்திரண்டு வருஷமாக அதே எட்டாம் வகுப்பு, அதே கணக்குப் பாடம். இத்தனை நாள் களைக்காத தொண்டைக்கு இப்போது என்ன கேடு?

வேறு ஒன்றும் உறுத்தியது. அம்மாவும் மகளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். இவர் போய் நின்றால் சட்டென்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

"எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?"

"சாதாரணமாத்தானேப்பா பேசிட்டிருக்கோம்!" என்றாள் மகள்.

வெள்ளிக்கிழமை லேத் பட்டறையிலிருந்து சீக்கிரமே கிளம்பி, மனைவியின் பின்னாலேயே போனார்.

மருந்துக் கடைக்கு மேலே மாடி அறை. கதவு பாதி திறந்திருந்தது. எதிரே ஓர் இளைஞன். மனைவியின் உதடுகள் அசைந்தன. இருவரும் சிரித்தார்கள். ஒரு வார்த்தைகூட இவர் காதில் விழவில்லை.

அவள் இறங்கிப் போகும்வரை படிக்கட்டு மறைவில் நின்றிருந்துவிட்டு, உள்ளே நுழைந்தார்.

"என் பொண்டாட்டிக்கு இங்கே என்ன வேலை?"

பயிற்சியாளரான அந்த இளைஞர் பதறவில்லை. ஏதோ சொன்னார்.

"என்ன?"

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் குரலை உயர்த்தினார். "உட்காருங்க சார். டீச்சர் குரல் இப்போ நல்லாத் தேறிட்டு வருது."

"வகுப்புல கத்திக் கத்தித்தான் தொண்டை போச்சுன்னு சொல்றா. நம்பச் சொல்றீங்களா?"

"வகுப்புலயா? அங்கே மைக் குடுத்து ஒரு வருஷமாச்சே சார். குரலை உயர்த்த வேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்லையே."

"பார்த்தீங்களா! அப்போ என்கிட்டே சொன்னதெல்லாம் பொய்!" அவர் துள்ளி எழுந்தார்.

"பொய்தான் சார். உங்ககிட்டே மூச்சு விடக் கூடாதுன்னு என்னையும் கேட்டுக்கிட்டாங்க. நீங்களே இவ்வளவு தூரம் வந்தப்புறம் மறைக்கிறதுல அர்த்தமில்லை."

பயிற்சியாளர் ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி, உரக்கச் சொன்னார்.

"'லேத் சத்தத்துல எங்க வீட்டுக்காரருக்குக் காது மந்தமாயிட்டு வருது. அது அவருக்கே இன்னும் புரியலை. சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவார். அவருக்குக் கேக்கிற மாதிரி தினமும் பேச என் தொண்டைக்குத் தெம்பு வந்தாப் போதும்'னு சொல்லித்தான் சார் இங்கே வந்து சேர்ந்தாங்க."