வீரக்கோழி பாட்டில் இல்லாத சேவல்

சேவலுக்கு முதலில் துரோகம் செய்தது மைனாதான்.

அன்று பருந்து குஞ்சுகள்மேல் பாய வந்தபோது, முதலில் பார்த்துக் கத்தியது சேவல். அந்தச் சத்தம் கேட்டுத்தான் செவலைக்கோழி எகிறிப் பாய்ந்து பருந்தைக் கொத்தி விரட்டியது. ஆனால் மைனா கட்டிய 'வீரக்கோழி' பாட்டில் கோழி மட்டும்தான் இருந்தது. சேவலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பாட்டு ஊரெல்லாம் பரவியது. பெட்டைக்குஞ்சுகள் கழுத்தில் பூவரச இலையைச் செருகிக்கொண்டு, "நான்தான் வீரக்கோழி!" என்று குப்பைமேட்டிலிருந்து குதித்தன.

சேவல் மைனாவிடம் போய் நியாயம் கேட்டது.

"கத்தினது யாரு? ஒரே ஒரு அடி சேர்த்துப் பாடினா உன் தொண்டை வத்திடுமா?"

"பாடிப் பார்த்தேன் அண்ணே. அந்த இடம் வந்தா எல்லாம் இரை பொறுக்கப் போயிடுதுங்க."

அப்போது கடைக்குட்டிப் பெட்டை ஓடி வந்தது. "பெரியப்பா, விளையாட்டுக்கு ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?"

சேவல் நெஞ்சை நிமிர்த்தியது. "வர்றேன். கத்தி எச்சரிக்கிற சேவல் நான்தான்."

"பாட்டுல சேவலே இல்லையே! நீங்க பருந்து."

போனால் போகிறதென்று சேவல் சிறகை விரித்து நின்றது. குஞ்சுகள் நாலாபக்கமும் சூழ்ந்து கொத்தின. வலி பொறுக்காமல் அது கூவிவிட்டது.

"பருந்து கூவாது பெரியப்பா," என்றது கடைக்குட்டி கண்டிப்பாக.

வேலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மைனா, பருந்து அடி வாங்கும் இடத்தை அன்றே நீட்டிப் பாடியது. சேவலுக்குச் சேர வேண்டிய அடி மட்டும் இன்னும் பாக்கி.