போகியில் போன கத்தி

"பாய், இதே மாதிரி ஒரு கத்தி வேணும். இன்னிக்கே வேணும்!"

திண்டிவனத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் இப்ராஹிம் ஷாவிடம் சீனுவாசன் செல்போனை நீட்டினான். படத்தில் அவன் அப்பா விருத்தாசலம், பெருமுக்கல் பள்ளிக்கூட மேடையில், துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். போன வருஷக் குடியரசு தின விழா.

ஊரில் அவருக்கு மிலிட்டரித் தாத்தா என்று பெயர். வருஷா வருஷம் கொடியேற்றியதும் அந்தக் கத்தியைக் காட்டி, எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் எதிரியின் கையிலிருந்து அதைப் பிடுங்கிய கதையைச் சொல்வார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். விழா முடிந்ததும் கத்தி எண்ணெய்த் துணிக்குள் சுருண்டு பரணுக்குப் போய்விடும். பெற்ற பிள்ளையைக்கூடத் தொடவிட மாட்டார், அப்படி ஒரு பத்திரம்!

இப்ராஹிம் ஷா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே மென்று விழுங்கிக்கொண்டார்.

"அந்தக் கத்தி எங்க தம்பி?"

"அதான் பேஜாரா போச்சு பாய். போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, எங்க வீட்ல அதைத் துருப்புடிச்ச இரும்புன்னு நெனச்சுப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டா. விழுப்புரம் வரைக்கும் அலைஞ்சு பார்த்துட்டேன். உருக்கறதுக்கு லோடு போயிடுச்சாம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு பூடுவாரு பாய். அவருக்குன்னு இருக்கிற பெருமையே அது ஒண்ணுதான். காலையில கொடி ஏத்தறாங்க..."



இப்ராஹிம் ஷா உள்ளே போய்ச் சாக்குச் சுருணை ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். செம்மண்ணில் புரண்டு எழுந்தது போல ஒரு கத்தி.

"பாண்டிச்சேரியில ஒரு பழைய பங்களாவை இடிச்சப்போ வந்துச்சு. இங்க பாரு, துப்பாக்கிக் குழாய் நுழையற வளையம். இந்தப் பொத்தானை அமுக்கினாதான் கழலும். வெள்ளைக்காரன் காலத்து அசல் உருப்படி."

"எமரி ஷீட் போட்டு ஜல்தியா ஒரு தேய்ப்பு தேய்ச்சுக் குடுத்துடுங்க பாய்."

"ஐயையோ! வாயைக் கழுவு தம்பி. எமரி பட்டா முத்திரை போயிடும். முத்திரை போச்சுன்னா வெறும் இரும்புதான், தேங்கா உரிக்கக்கூட எவனும் வாங்க மாட்டான்."

இப்ராஹிம் ஷா அவசரமே படவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பஞ்சு போன்ற மெல்லிய கம்பிச் சுருளால் பச்சைக் குழந்தையின் முதுகைத் தேய்ப்பது போலத் தேய்த்தார். மரப்பிடிக்குத் தனியாக எண்ணெய் பூசினார். சீனுவாசன் இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் பிடியை ஒட்டிச் சின்னக் கிரீடமும் நாலைந்து எண்களும் தலைகாட்டின.

"எங்க அப்பா கத்தியில இந்த மாதிரி எதுவும் இருந்ததாத் தெரியலையே பாய்?"

"துரு மூடிக்கினு இருந்திருக்கும்." இப்ராஹிம் ஷா அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "விவரம் தெரிஞ்சவன் பதினஞ்சாயிரம் குடுப்பான். நீ பத்து குடு, போதும். நாளைக்கு வேணாம்னு தோணிச்சுன்னா திருப்பிக் கொண்டா, எடுத்துக்கறேன்."

"வேணாம்னு எதுக்கு பாய் தோணும்?"

"சும்மா சொல்லி வெச்சேன்."

நெல் விற்ற காசை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சீனுவாசன் வண்டியை முறுக்கினான். அப்பா ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு இறங்கியபோதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் விருத்தாசலம் கூப்பிட்டார். "சீனு, என்னால பரண் ஏற முடியலை. அந்தக் கத்தியைத் துணியோட எடுத்துக் குடுடா, பிரிக்காத. தொடைச்சு வெக்கணும்."

கொண்டுவந்து கொடுத்தான். சமையல்கட்டு வாசலில் கலைமதி மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மயிலம் முருகனுக்கு எத்தனை தேங்காய் வேண்டிக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

பெரியவருக்குக் கண்ணில் புரை. துணியைப் பிரித்து விரலால்தான் தடவிப் பார்த்தார். விரல் வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. கிரீடத்தின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"இது என்னுது இல்லடா."

கலைமதி ஓடிவந்து அவர் காலைப் பிடித்தாள். "மாமா, என் மேலதான் தப்பு! போகிக்குக் குப்பைன்னு நெனச்சு இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன். உங்க பெருமையையே தூக்கிப் போட்டுட்டேனே!"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் இதைத் தேடிப் புடிச்சேன்பா. வெள்ளைக்காரன் காலத்து அசலாம். பாய் சொன்னாரு," என்றான் சீனுவாசன்.

கத்துவார் என்று பார்த்தால், கிழவர் கத்தவில்லை. கத்தியை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுந்திரும்மா. அது போனா போவுது. கூட்டேரிப்பட்டு பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டையில நான் அடிக்கச் சொல்லி வாங்குனதுதான் அது. பட்டாளத்துல நான் சப்பாத்தி சுட்டுக்கினு இருந்தவன். சண்டையை ரேடியோவுலதான் கேட்டேன்."

மறுபடியும் அந்தக் கிரீடத்தைத் தடவினார்.

"இது நெஜக் கத்தியா இருக்குதேடா... இதைக் கையில புடிச்சுக்கினு நான் எப்படிடா பொய் சொல்லுவேன்?"